தொட்டியில் பிஎச் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது

"நேற்று ராத்திரி 5.8-க்கு இறக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் 7.1. மறுபடி ஆசிட் ஊற்றினேன், சாயங்காலத்துக்குள் மறுபடி ஏறிவிட்டது. மீட்டர் போய்விட்டதா?"

மண் இல்லாமல் தண்ணீரில் செடி வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மீட்டர் சில நேரம் போயிருக்கும், அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் பத்தில் எட்டுப் பேர் விஷயத்தில் மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கள் தண்ணீரின் அல்கலினிட்டி எவ்வளவு?" உடனே கரைந்த உப்புகளின் மொத்த அளவான டிடிஎஸ் எண்ணைச் சொல்வார்கள். அது வேறு, இது வேறு.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. பாய்லர் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அங்கே பிஎச்சை மட்டும் எழுதிவிட்டு அல்கலினிட்டி கட்டத்தைக் காலியாக விட்டால் மேலதிகாரி தாளையே திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் ஹைட்ரோபோனிக்ஸ் பக்கம் வந்தேன். லெட்டூஸ், பேசில், தக்காளி, வெள்ளரி என்று எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது செடி இல்லை, அதில் ஊற்றிய, உரம் கலக்காத பச்சைத் தண்ணீர்.

தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச், இந்த நிமிடம் சட்டைப்பையில் இருக்கும் காசு. அல்கலினிட்டி என்பது வங்கியில் கிடக்கும் இருப்பு. பையில் இருப்பதை நீங்கள் பிடுங்கிக்கொண்டாலும் வங்கியிலிருந்து எடுத்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கும். அந்த இருப்பு பெரும்பாலும் பைகார்பனேட். நீங்கள் ஊற்றும் ஆசிட் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, பிஎச் டக்கென்று இறங்கும். அப்புறம் ஏர் ஸ்டோன் விடும் குமிழிகளோடு அது கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். போனதும் மீதியிருக்கும் பைகார்பனேட் பிஎச்சை மேலே தூக்கும். ராத்திரி 5.8, காலையில் 7.1 என்பதன் கதை இவ்வளவுதான்.

இதே காரணத்தால்தான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்த உடனே அளந்து ஏமாறக் கூடாது. பூமிக்குள் அழுத்தத்தில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு அது வெளியே வரும். பிடித்த உடன் 6.9 காட்டும் தண்ணீர், ஒரு ராத்திரி காற்றூட்டினால் 8-ஐத் தாண்டியிருக்கும். காற்றூட்டிய பிறகு கிடைக்கும் எண்தான் உங்கள் தண்ணீரின் உண்மையான முகம்.

அல்கலினிட்டியை வீட்டிலேயே அளப்பது

ஆய்வகம் தேவையில்லை. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் கேஎச் பரிசோதனைக் குப்பி போதும். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். பெரும்பாலான குப்பிகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் அல்கலினிட்டி, கால்சியம் கார்பனேட் கணக்கில். 10 மில்லி தண்ணீர் எடுத்துச் செய்தால் ஒரு சொட்டு அரை டிகிரி ஆகும், இன்னும் துல்லியமாகத் தெரியும்.

கணக்குப் போட இன்னொரு அலகு வசதி: மில்லி ஈக்விவலன்ட். 50 மில்லிகிராம் அல்கலினிட்டி ஒரு மில்லி ஈக்விவலன்ட். உதாரணமாக, கேஎச் 12 சொட்டு வந்தது என்று வையுங்கள். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 215 மில்லிகிராம், அதாவது 4.3 மில்லி ஈக்விவலன்ட். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய அளவுதான்.

இதை முழுவதும் அழித்துவிடக் கூடாது. 1 மில்லி ஈக்விவலன்ட் வரை மீதி வைப்பது என் வழக்கம். துளியும் இல்லாவிட்டால் தண்ணீருக்குப் பிடிமானம் இல்லாமல் போய், சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிஎச் 4-க்கு விழும். ஆக, நீக்க வேண்டியது 3.3. நூறு லிட்டருக்கு 330.

85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் என்றால் இதற்குச் சுமார் 22 அல்லது 23 மில்லி ஆகும். பலரும் இங்கேதான் நிறுத்திக்கொள்கிறார்கள். பிஎச் இறங்கிவிட்டது, சந்தோஷம். ஆனால் அந்த 23 மில்லியோடு லிட்டருக்கு சுமார் 100 மில்லிகிராம் பாஸ்பரஸ் தொட்டிக்குள் போயிருக்கிறது. கீரை வகைகளுக்கு மொத்தத் தேவையே 30 முதல் 50 தான். உரத்தில் வேறு பாஸ்பரஸ் இருக்கிறது. மிஞ்சிய பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை மாவாகத் தொட்டியின் அடியில் படியும், இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிடைக்காமல் செய்யும். பிஎச் சரியாக இருந்தும் இலை வெளுக்கிறது என்று சொல்பவர்கள் தாங்கள் எவ்வளவு 'பிஎச் டவுன்' ஊற்றுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பார்க்கட்டும்.

நைட்ரிக் ஆசிட்டால் அதே 3.3-ஐ நீக்கினால் சேருவது லிட்டருக்கு 46 மில்லிகிராம் நைட்ரஜன். செடிக்கு 150 முதல் 200 வரை தேவைப்படுவதால் இது பெரிய தொந்தரவு இல்லை, உரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பெரிய பசுமைக்குடில்களில் நைட்ரிக்கை விரும்புவதற்கு இதுதான் காரணம். ஆனால் அது புகை கக்கும், தோலை மஞ்சளாக்கிப் பொசுக்கும். வீட்டு மாடிக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. கந்தக அமிலம் சேர்ப்பது சல்பேட்டை மட்டும்தான், செடி அதைப் பொறுத்துக்கொள்ளும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்த ஆசிட் மட்டும் கூடவே கூடாது, அதில் ஈயம் இருக்கும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தைச் சொல்பவர்களும் உண்டு. அவசரத்துக்கு ஒருநாள் ஓட்டலாம். தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்ததும் பிஎச் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், கூடவே வழவழப்பும் வளரும்.

என்னைக் கேட்டால் 4 மில்லி ஈக்விவலன்ட் தண்ணீரோடு ஆசிட்டால் மல்லுக்கட்டுவதைவிட, பாதிக்குப் பாதி மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ கலந்துவிடுங்கள். 4.3 என்பது 2.15 ஆகிவிடும். நீக்க வேண்டியது 1.15 மட்டும். பாஸ்பாரிக் 8 மில்லி போதும், சேரும் பாஸ்பரஸும் 36 மில்லிகிராம்தான். உரத்தில் பாஸ்பரஸ் குறைவானதைத் தேர்ந்துகொண்டால் கணக்கு நேராகிவிடும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு வாளிச் சோதனை. ஒரு வாளியில் 10 லிட்டர் பச்சைத் தண்ணீர் எடுங்கள், உரம் எதுவும் சேர்க்க வேண்டாம். ஆசிட்டை முன்கூட்டியே பத்து மடங்கு நீர்க்கச் செய்து, சிரிஞ்சால் ஒவ்வொரு மில்லியாக விட்டுக் கலக்கி 5.8-க்குக் கொண்டு வாருங்கள். எவ்வளவு ஆனது என்று குறியுங்கள். ஏர் ஸ்டோனைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஏறியிருக்கும். மறுபடி இறக்குங்கள், மறுபடி காற்றூட்டுங்கள். இரண்டாவது தடவைக்கு முதல் தடவையைவிட ரொம்பக் குறைவாகவே ஆசிட் பிடிக்கும். ஏற்றம் 6.5-க்குக் கீழேயே அடங்கும் வரை செய்து, மொத்த மில்லியைப் பத்தால் பெருக்கினால் 100 லிட்டருக்கு வேண்டிய நீர்த்த ஆசிட்டின் அளவு கிடைத்துவிடும். தண்ணீரின் மூலம் மாறாத வரை அந்த எண் மாறாது. மழைக்காலத்துக்கு ஒன்று, வறண்ட மாதங்களுக்கு ஒன்று என்று இரண்டு எண் எழுதி வைத்தால் போதும்.

தண்ணீர் அறிக்கையில் எந்த வரியைப் பார்ப்பது

ஒரு தடவையாவது ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிவிடுங்கள். அறிக்கையில் இருபது வரி இருக்கும். 'குடிக்கத் தகுந்தது' என்ற முத்திரையை மறந்துவிடுங்கள், குடிக்க நல்ல தண்ணீர் வேருக்கு மோசமாக இருக்கலாம்.

சோடியம் 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. குளோரைடு 70 வரை கவலையில்லை. இவை இரண்டையும் செடி மிகக் குறைவாகத்தான் எடுக்கும், அதனால் சுற்றிச் சுற்றி ஓடும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரில் சோடியம் 60 என்று வையுங்கள். செடி குடித்துத் தொட்டி குறையக் குறைய அதே தண்ணீரால் நிரப்புகிறீர்கள். தொட்டியின் முழுக் கொள்ளளவு மூன்று தடவை உள்ளே போய்விட்டால் முதலில் ஊற்றிய 60-ஓடு இன்னொரு 180 சேர்ந்து 240-ஐ நெருங்கியிருக்கும். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை வைத்து உப்பை அளக்கும் இசி மீட்டர் இதைச் 'சத்து நிறைய இருக்கிறது' என்றுதான் காட்டும். மீட்டருக்கு உப்பு என்றால் உப்புதான், நைட்ரேட்டா சோடியமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

கால்சியமும் மெக்னீசியமும் இருப்பது குறையில்லை, வரவு. 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரில் மேற்கொண்டு கால்மேக் (கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த உரம்) ஊற்றுவது வீண் செலவு. இங்கே ஒரு குழப்பம் வரும். கடினத்தன்மை வேறு, அல்கலினிட்டி வேறு. கடினத்தன்மை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கணக்கிடுவது. அல்கலினிட்டி பைகார்பனேட்டைக் கணக்கிடுவது. இரண்டும் ஒன்றாகவே வருவதால் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, சிலர் வீட்டு சாஃப்ட்னர் தண்ணீரைத் தொட்டிக்கு விடுகிறார்கள். சாஃப்ட்னர் செய்வது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பது. பைகார்பனேட் அப்படியே இருக்கும். நல்லதை விற்றுக் கெட்டதை வாங்கிய கணக்கு.

போரான் 0.5-க்கு மேல் இருந்தால் உரத்தில் வரும் போரானையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இலை விளிம்பு கருகுவதில் தெரியும். இரும்பு அதிகமுள்ள தண்ணீர் காற்றுப் பட்டதும் துருப் பிடித்துச் சொட்டுவாய்களை அடைக்கும். அந்த இரும்பால் செடிக்குப் பயனும் இல்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சாதாரணக் குளோரின் என்றால் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் காற்றூட்டினால் போய்விடும். குளோரமின் கலக்கும் இடங்களில் இந்த வித்தை பலிக்காது, அது அப்படியே தங்கும். மெதுவாக ஓடும் கரி வடிகட்டியோ, சிட்டிகை அஸ்கார்பிக் அமிலமோதான் அதற்கு வழி. குளோரினும் குளோரைடும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளோரைடு எவ்வளவு காற்றூட்டினாலும் போகாது.

மழைநீர் அருமையான தண்ணீர், துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் விழாத வரை. முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஆர்ஓ தண்ணீரில் எதுவும் இல்லை என்பதே அதன் நிறையும் குறையும். அதில் பிஎச் மீட்டரை நட்டால் எண் அலைந்துகொண்டே இருக்கும், 5.6 காட்டும், 6.9 காட்டும். மின் கடத்த அயனிகளே இல்லாததால் மீட்டர் தடுமாறுகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், உரம் கலந்த பிறகு அளந்தால் போதும். ஆர்ஓ மட்டுமே பயன்படுத்துபவர்கள் கால்சியம், மெக்னீசியம் தனியாகச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டால் நான் சொன்ன அந்தப் பிடிமானமும் வந்துவிடும்.

கலக்கும் வரிசை

முதலில் தண்ணீரின் அல்கலினிட்டியைச் சரிசெய்து காற்றூட்டி வையுங்கள். 8-க்கு மேல் பிஎச் இருக்கும் தண்ணீரில் நேரடியாக உரத்தைக் கொட்டினால் கால்சியம் பாஸ்பேட் படிய ஆரம்பித்துவிடும், அப்புறம் ஆசிட் ஊற்றினாலும் முழுதாகக் கரையாது.

சிலிக்கா சேர்ப்பவராக இருந்தால் அதுதான் முதலில், நன்றாக நீர்க்கச் செய்து. அது கடுமையான காரம், பிஎச்சை நன்றாகவே ஏற்றும். அதனால் சிலிக்கா கலந்த பிறகு பிஎச்சை ஒருமுறை பார்த்து இறக்கிவிட்டுத்தான் உரத்தைத் தொட வேண்டும். அப்புறம் ஏ கரைசல், நன்றாகக் கலக்கிய பிறகு பி கரைசல். ஏ-யில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும், பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும் இருப்பதுதான் பொதுவான பிரிவு. இவை கெட்டியாக இருக்கும்போது ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் ஜிப்சம் படியும். ஒரே அளவைக் குவளையைக் கழுவாமல் இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூட வேண்டாம்.

கலக்கி அரைமணி நேரம் விட்டு இசி பாருங்கள். லெட்டூசுக்கு 1.2 முதல் 1.8, பேசிலுக்கு 1 முதல் 1.6, காய்க்கும் தக்காளிக்கு 2 முதல் 3.5 வரை போகலாம். பிபிஎம் எண்ணை வைத்து மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள். இசி 1.0 என்பதை ஒரு மீட்டர் 500 என்கும், இன்னொன்று 700 என்கும். இரண்டும் சரிதான், பெருக்கும் எண்தான் வேறு. இசியிலேயே பேசினால் இந்தச் சண்டை வராது.

கடைசியாகத்தான் பிஎச். உரம் போட்டதும் அது தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டதை மட்டும் கொடுங்கள்.

5.5 முதல் 6.5 வரை எங்கே நின்றாலும் சரி

5.8-ஐ ஆணியடித்த மாதிரி நிறுத்த வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் பிஎச் மெல்ல ஏறி இறங்குவதைச் செடி பொருட்படுத்தாது. 6.5-க்கு மேலே போகப்போக இரும்பும் மாங்கனீசும் பாஸ்பேட்டும் கையை விட்டுப் போகும். 5-க்குக் கீழே வேர் நுனி புண்ணாகும், கால்சியம் எடுப்பது தடைபடும். 6.1-ஐப் பார்த்து ஒரு சொட்டு ஆசிட், 5.6-ஐப் பார்த்து ஒரு சொட்டு பொட்டாஷ் என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தால் சேருவது உப்புதான். ஒரு வாரத்தில் இசி ஏறி, எதனால் ஏறியது என்றே தெரியாமல் நிற்பீர்கள்.

பிஎச் ஒரு எண் மாறினால் அமிலத்தன்மை உண்மையில் பத்து மடங்கு மாறுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பிஎச் அளவுகோலை 1909-ல் உருவாக்கிய சோரன்சன் கோபன்ஹேகனில் ஒரு பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தவர். பெரிய பெரிய சுழியங்களை எழுதும் தொல்லையிலிருந்து அவர் நம்மைக் காப்பாற்றினார், ஆனால் 5.8-க்கும் 6.8-க்கும் உள்ள தூரம் சின்னதாகத் தெரியும்படியும் செய்துவிட்டார்.

இரும்பு விஷயத்தில் உர டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் நல்லது. இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் பொருளின் பெயர் அங்கே இருக்கும். இடிடிஏ என்று போட்டிருந்தால் அந்தப் பிடி பிஎச் 6.5-ஐத் தாண்டியதும் தளர ஆரம்பிக்கும். டிடிபிஏ 7-ஐத் தாண்டியும் சற்றுத் தாங்கும். இடிடிஹெச்ஏ 9 வரைகூடத் தாங்கும், கரைசலுக்குச் செந்நிறம் தரும், விலையும் கூடுதல். பிஎச் அடிக்கடி மேலே ஓடும் தண்ணீர் என்றால் டிடிபிஏ-வாவது வாங்குங்கள். எதுவானாலும் வெளிச்சம் பட்டால் சிதையும், இருட்டில் வையுங்கள்.

நகர்வைப் படிப்பது

தினமும் ஒரே நேரத்தில் மூன்றைக் குறியுங்கள்: பிஎச், இசி, தண்ணீர் மட்டம். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பிஎச்சுக்கு மட்டும் வைத்தியம் செய்வது எனக்குப் பிடிக்காத வேலை.

பிஎச் மெல்ல ஏறுகிறது, இசி மெல்ல இறங்குகிறது, மட்டமும் குறைகிறது என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது. செடி நைட்ரேட்டை எடுக்கும்போது வேர் பதிலுக்குக் காரத்தன்மையை வெளியே விடும், அதனால் ஏறுகிறது. அம்மோனியத்தை எடுத்தால் நேரெதிர், அமிலத்தை விடும். மொத்த நைட்ரஜனில் 5 முதல் 10 சதவீதம் அம்மோனியமாக இருக்கும் உரத்தைத் தேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து, ஆசிட் குப்பியைத் திறக்கும் வேலையே குறைந்துவிடும். நான் மீதி வைக்கச் சொன்ன அந்தக் கொஞ்சம் பைகார்பனேட்டையும் இது தீர்த்து வைக்கும். அதற்கு மேல் அம்மோனியம் போனால் பிஎச் சரியும், சூடான நாட்களில் வேருக்கும் ஆகாது.

பிஎச் ஏறுகிறது, ஆனால் இசியும் மட்டமும் அசையவில்லை என்றால் செடியைச் சந்தேகப்படாதீர்கள். அல்கலினிட்டி மிச்சம் இருக்கிறது, அல்லது செடியைத் தாங்கி நிற்கும் ஊடகத்திலிருந்து (கல், நார் போன்றவை) சுண்ணாம்பு கரைகிறது, அல்லது பாசி. ஊடகத்தைச் சோதிக்க ஒரு கைப்பிடி கல்லில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வுல்லும் புதிதாக இருக்கும்போது காரத்தன்மையோடுதான் வரும், 5.5 பிஎச் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் அடங்கும். தென்னை நார்க் கழிவு வேறு ரகம். பிஎச்சைவிட அது செய்யும் பெரிய வேலை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விடுவது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

பாசியைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலுக்குப் பிறகு ஒரு தடவை அளந்தால் போதும். வெளிச்சத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பகலில் பிஎச் ஏறி ராத்திரியில் இறங்கும். மருந்து தேட வேண்டாம், வெளிச்சத்தை அடையுங்கள். வெள்ளைத் தொட்டி, ஒளி ஊடுருவும் குழாய், மூடாத நடவுத் துளை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பிஎச் திடீரென்று இறங்கினால்தான் நான் மூடியைத் திறந்து வேரைப் பார்ப்பேன். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் அம்மோனியம் கூடுதலாக இருக்கலாம். காய்க்கும் பருவத்தில் பொட்டாசியத்தைச் செடி அள்ளி எடுக்கும்போதும் இறங்கும். பழுப்பாக, வழவழவென்று, இழுத்தால் தோல் கழன்று வரும்படி இருந்தால் அது அழுகல். அங்கே பிஎச் அப் ஊற்றுவது அர்த்தமில்லை. தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5 தான். சூட்டில் வேர் அதிகம் மூச்சு வாங்கும், கிடைப்பதோ குறைவு, வேரை அழுகவைக்கும் பித்தியம் கிருமிக்குக் கொண்டாட்டம். 18 முதல் 22 டிகிரி நல்லது. முடியாத இடத்தில் காற்றையாவது இரட்டிப்பாக்குங்கள், தொட்டியைப் பெரிதாக்குங்கள். பெரிய தொட்டி மெதுவாகச் சூடாகும், பிஎச்சும் மெதுவாகத்தான் நகரும்.

இலை பேசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது இலையில் நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக இருந்தால் இரும்பு எட்டவில்லை, பெரும்பாலும் பிஎச் மேலே போயிருக்கும். லெட்டூஸ் உள்ளிலை நுனி கருகுவதற்குக் கரைசலில் கால்சியம் குறைவு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். காற்றோட்டம் இல்லாமல் இளம் இலை நீராவி விடாததால் கால்சியம் அங்கே போய்ச் சேராமல் இருக்கும். ஒரு சின்ன மின்விசிறி பல நேரம் ஒரு டப்பா கால்மேக்கை மிச்சப்படுத்தும்.

மீட்டர்

பிஎச் மீட்டரின் கண்ணாடி முனை காயக் கூடாது. அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் நனைந்தே இருக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்து முனை செத்துவிடும். அதுவே மீட்டரைக் கொல்லும் பொதுவான வழி.

வாரம் ஒருமுறை பிஎச் 7, பிஎச் 4 என்று விற்கும் பஃபர் கரைசல்களில் அளவுதிருத்தம் செய்யுங்கள், நாம் வேலை செய்யும் எல்லை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பஃபரைச் சின்ன மூடியில் ஊற்றிப் பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடுங்கள், குப்பிக்குள் திரும்ப ஊற்ற வேண்டாம். முனையைத் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். 7-லிருந்து 4-க்கு மாற்றும்போது எண் நகர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் முனைக்கு வயதாகிவிட்டது. அப்போதைக்கு ஒரு சொட்டு மருந்துக் குப்பியை வாங்கி வையுங்கள். நிறத்தைப் பார்த்துச் சொல்லும் அந்த முறை துல்லியம் குறைவுதான், ஆனால் அதற்கு பேட்டரி தீராது. மீட்டரும் சொட்டும் அரைப் புள்ளிக்கு மேல் முரண்பட்டால் நான் சொட்டைத்தான் நம்புவேன்.

ஆசிட்டைக் கையாள்வதில் விளையாட்டு இல்லை. தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ப்ளீச்சால் தொட்டி கழுவும் நாளில் ஆசிட் குப்பி அந்தப் பக்கமே வரக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. பிஎச்சை ஏற்ற வேண்டி வந்தால் பொட்டாசியம் கார்பனேட்டோ பைகார்பனேட்டோ மென்மையானவை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆசிட்டைப் போலவே சுடும். சமையல் சோடா வேலை செய்யும், ஆனால் அது சோடியம், பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கரைசலை எப்போது முழுதாக மாற்றுவது என்பதற்கு இரண்டு மூன்று வாரம் என்று சொல்வது பொதுவான வழக்கம். எனக்குத் தேதியைவிட மட்டம்தான் கணக்கு. நிரப்பிய தண்ணீர் தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமாக வந்ததும் மாற்றிவிடுகிறேன். சோடியம் குறைந்த மழைநீர் என்றால் இரண்டு மடங்கு வரை ஓட்டலாம். வெளியேற்றும் கரைசலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இன்னும் நிறைய இருக்கும். இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து மண்ணில் நிற்கும் மரங்களுக்கு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடமாகப் பார்த்து ஊற்றுங்கள். கிணற்றுக்குப் பக்கத்திலோ குளத்துக்குப் போகும் வடிகாலிலோ விட வேண்டாம்.